இடியின் இடது கை

பள்ளிக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் இடி. வகுப்பு நடக்கும்போதே பெஞ்சைத் தட்டிக்கொண்டிருப்பார் என்பதால் வந்த பெயர். குணத்தைப் பார்த்து வைத்திருந்தால் வேறு ஏதாவது வைத்திருப்பார்கள். பதினெட்டு வருடமாக வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறேன். முரடர்கள், அழுமூஞ்சிகள், மாத்திரையை என் முகத்திலேயே துப்பியவர்கள் என்று எல்லா வகையும் பார்த்தாயிற்று. இவ்வளவு பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை.

மாத்திரையை வாயில் போடுவதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சக்கர நாற்காலிக்கு நான் பிரேக் போட்டதும், "போட்டாச்சா அக்கா?" என்பார்.

"போட்டாச்சு தம்பி."

அரை நிமிடம் போகும். "ரெண்டு பக்கமுமா?"

கரண்டியில் தண்ணீர் கொடுத்தால், புரை ஏறிவிடுமோ என்று அதை வாயிலேயே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். "விழுங்குங்க, நான் எங்கயும் போகல" என்று சொன்ன பிறகுதான் தொண்டை அசையும்.

இந்த மனிதர் முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்திருக்கிறார். லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்றுகொண்டு, இருட்டுக் குழிக்குள் இரும்புக் கயிறுகளையும் தண்டவாளங்களையும் தடவித் தடவிச் சோதிக்கிற வேலை. மற்றவர்கள் ஒரு தடவை பார்க்கிற போல்ட்டை இவர் மூன்று தடவை பார்ப்பார். கீழே இறங்கிக் கையெழுத்துப் போட்ட பிறகு, சந்தேகம் வந்து மறுபடி ஏறுவார். அவர் பொறுப்பில் இருந்த லிஃப்ட் ஒன்றுகூட விழுந்ததில்லை. "இவன் பாத்த லிஃப்டுல மாமியாரை ஏத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல" என்று அவருடைய மேஸ்திரி சொல்வாராம்.

"இவ்வளவு பயத்தை வெச்சுக்கிட்டு இந்த வேலைக்கு எதுக்குப் போனீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அப்பா சேத்துவிட்டாரு அக்கா. அவருகிட்ட மாட்டேன்னு சொல்றதுக்கு லிஃப்டைவிட அதிகப் பயம்."

இப்படிப்பட்டவர் காது கிழியும் ராக் பாட்டைத்தான் கேட்பார் என்றால் யார் நம்புவார்கள்? முன்னறை அலமாரியில் இரண்டு வரிசை கேசட். மூன்று தடவை வீடு மாறியபோதும் துணிமணிகளுக்கு முன்னால் அவைதான் வண்டியில் ஏறின என்று அவர் மனைவி சொன்னாள். அவள் வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். கல்யாணமான புதிதில் அவர் ஒரு கேசட்டைப் போட்டபோது, பக்கத்து வீட்டை இடிக்கிறார்கள் என்று நினைத்து வெளியே ஓடிப் பார்த்தாளாம். அன்றிலிருந்து காதில் மாட்டித்தான் கேட்க வேண்டும் என்று சட்டம். எனக்கும் அந்தச் சங்கீதம் பிடிபடவில்லை. பழைய இரும்புக் கடையில் நாலு பேர் சண்டை போட்டால் அப்படித்தான் இருக்கும்.

"என்னதான் இருக்கு அதுல?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அந்தச் சத்தத்துக்குள்ள இருக்கிறப்ப வேற எதுவும் காதுல விழாது அக்கா. பயம்கூட வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வெளியவே நின்னுடும்."

அந்தப் பாட்டை அவருக்குப் பழக்கிவிட்டவர் பள்ளிக்கூடத் தோழர். கழுத்து நீளமானவர் என்பதால் ஒட்டகம். ஒட்டகத்தின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். வரும்போதெல்லாம் வெளிநாட்டுக் கேசட் கொண்டுவருவார். ஒட்டகத்தின் அப்பாவுக்குப் பழைய டயரைப் புதுப்பிக்கிற பட்டறை இருந்தது. அதன் பின்பக்கக் கொட்டகையில் கதவைச் சாத்திவிட்டு முதல் கேசட்டைப் போட்டார்கள். கிட்டார் அலறிய அலறலில் டேப் ரெக்கார்டர் வெடித்துவிட்டது என்று நினைத்து இடி வெளியே ஓடியிருக்கிறார். வெளியே நின்று கேட்டிருக்கிறார். பிறகு திரும்ப உள்ளே வந்து, விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

ஒட்டகம் அண்ணனிடம் கெஞ்சி ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். இடிக்கு இரண்டு பெயின்ட் டப்பா, அணிவகுப்புக் குழுவிலிருந்து சொல்லாமல் எடுத்துவந்த ஒரு சின்ன டிரம், ஒரு அண்டா மூடி. இன்னும் இரண்டு பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு ஆகிவிட்டார்கள். பள்ளி ஆண்டு விழாவில் மூன்று பாட்டுக்கு இடம் கிடைத்தது. மேடை ஏறப் பத்து நிமிடம் இருக்கும்போது இடியைக் காணோம். கழிவறைக்குள் தாழ் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒட்டகம் கதவுக்கு வெளியே நின்று, "இப்ப நீ வரலன்னா நான் தனியா போய்ப் பாடுவேன்டா. என் குரல் எப்படின்னு உனக்குத் தெரியும். அப்புறம் உன் இஷ்டம்" என்று சொல்லியிருக்கிறார். இடி வந்துவிட்டார்.

மூன்றாவது பாட்டில் தலைமையாசிரியர் பொறுக்க மாட்டாமல் போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். கிட்டார், மைக் எல்லாம் ஊமையாகிவிட்டன. டிரம்ஸுக்கு மின்சாரம் எதற்கு? பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்த இடிக்கு மற்றவர்கள் நின்றதே தெரியவில்லை. தனியாக அடித்துக்கொண்டே போனார். ஒட்டகம் எதிரே போய்க் கையைக் கையை ஆட்டியும் பலன் இல்லை. கடைசியில் தோளைப் பிடித்து உலுக்கித்தான் நிறுத்த முடிந்தது. கண்ணைத் திறந்தால் கூடம் முழுக்க எழுந்து நின்று கைதட்டுகிறது.

அதற்குப் பிறகு ஒட்டகம் ஒரு விதி போட்டார். அடிக்கும்போது கண் திறந்திருக்க வேண்டும், பார்வை ஒட்டகத்தின் மேலேயே இருக்க வேண்டும். அவர் முஷ்டியை மடக்கித் தலைக்கு மேல் தூக்கினால் அடுத்த அடி விழக் கூடாது. மூன்று வருடம் பிறந்தநாள் வீடு, தொழிற்சாலை மன்றம் என்று வாசித்தார்கள். அந்த விதி ஒருநாளும் தவறியதில்லை. ஒரே ஒரு குறை மட்டும் கடைசிவரை திருந்தவில்லை. இடி நிதானமாக ஆரம்பிப்பார். போகப் போக ஓட்டம் பிடிப்பார். நாய் துரத்துகிற மாதிரி முடிப்பான் என்று ஒட்டகம் திட்டுவாராம்.

பிறகு ஒட்டகம் வேறு ஊரில் கல்யாணம் செய்துகொண்டு, மாமனாரின் கண்ணாடிக் கடையைப் பார்க்கப் போய்விட்டார். பஸ்ஸில் பதினான்கு மணி நேரத் தூரம். ஞாயிறு தவறாமல் போனில் பேசிக்கொள்வார்கள். பேசுவது என்றால், ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வது.

ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தபோது இடிக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் விழுந்து கிடந்தார். காவலாளி மேலே ஏறிப் பார்ப்பதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பேச்சு மட்டும் போகாமல் பிழைத்தது. இடது காலும் இடது கையும் போயின. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகப் போட்டிருந்த குழாயைப் பிடுங்கினார் என்று, நன்றாக இருந்த வலது கையைக் கட்டில் கம்பியில் துணியால் கட்டிப் போட்டார்கள். இரண்டு கையும் இல்லாமல் நாலு நாள். அந்த நாலு நாளைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். "செத்தாலும் வீட்லயே சாகிறேன், அங்க மட்டும் கூட்டிட்டுப் போகாதே" என்று மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அவர் வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. ஆறு மாதத்தில் கால் கொஞ்சம் தேறியது. பிடித்துக்கொண்டு நாலு அடி வைப்பார். கை மட்டும் தேறவில்லை. அதை எடுத்து மடியில் வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும். பிசியோதெரபி செய்ய வந்த பெண், "பிடிச்ச பாட்டைப் போட்டு அந்தத் தாளத்துக்கு இடது கையால தட்ட முயற்சி பண்ணச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிற அவர் மகள் ஒரு பெரிய ஹெட்போன் வாங்கிவந்து கேசட் பாட்டையெல்லாம் ஒரு பழைய போனில் ஏற்றிக் கொடுத்தாள். தினமும் பதினொரு மணிக்குச் சக்கர நாற்காலியின் பலகையில் அந்தக் கையை எடுத்து வைத்து, ஹெட்போனை மாட்டிவிடுவேன். இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதுக்கு இடது கட்டைவிரல் அசைந்தது.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். டக், டக் என்று பலகையில் சத்தம் கேட்டது. திரும்பினால் கட்டைவிரல் தட்டுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்ற விரல்களும் சேர்ந்துகொண்டன. தையல் மெஷினை விட்டுவிட்டு மனைவி ஓடிவந்தாள். "என்னங்க! கை! உங்க கைங்க!" என்று கத்திக்கொண்டே தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. கை நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை செய்யுங்க தம்பி" என்றேன். அவருக்கு முடியவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"களைச்சுப் போயிட்டாரு, விடு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, என் நோட்டில் எழுதினேன்: இடது கை அசைவு, முன்னேற்றம்.

இந்த இடத்தில் என் தப்பைச் சொல்லியாக வேண்டும். போன கை திரும்பி வரும்போது பெரும்பாலும் தோளிலிருந்து வரும், மெல்ல வரும், கனமாக வரும். எடுத்த எடுப்பில் விரல் நுனியில் துள்ளிக்கொண்டு வராது. இது எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த பாடம். அவர் கண்ணில் பயம் இருந்ததையும் பார்த்தேன். ஆனால் அந்தக் கண்ணில் என்றைக்குத்தான் பயம் இல்லை? எப்போதும் பயப்படுகிறவர் உண்மையிலேயே பயப்படும்போது யாரும் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கவில்லை. ஆறு மாதமாகக் கிடந்த கை அசைந்தால் நல்லது என்று எனக்கும் ஆசை இருந்திருக்கிறது.

வியாழக்கிழமை மறுபடி வந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு தடவை. வீடே மாறிப்போனது. மனைவி தைக்கும்போது பாடினாள். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். காதில் மாட்டிக் கேட்க வேண்டும் என்ற சட்டத்தைக்கூட ரத்து செய்துவிட்டாள். "சத்தமா வைங்க, ஊரே கேக்கட்டும்" என்றாள். அவர் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. பதினொரு மணி நெருங்கினால் பலகையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

சனிக்கிழமை மகளுக்கு விடுமுறை. ஒட்டகத்துக்கு வீடியோவில் காட்ட வேண்டும் என்று காலையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தாள். பதினொன்றே காலுக்குக் கை ஆரம்பித்ததும் போனைப் போட்டாள். திரையில் ஒட்டகம் வந்தார். பின்னால் சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள். கழுத்து இன்னும் நீளமாகத்தான் இருந்தது.

"டேய் இடி! பாவி! கை வந்துடுச்சாமே!"

"பாருங்கண்ணா, பாருங்க" என்று மனைவி மகளின் கையைப் பிடித்துப் போனைப் பலகைக்குத் திருப்பினாள்.

"தங்கச்சி, இனிமே உன் வீட்டுப் பாத்திரத்துக்கெல்லாம் கேடுதான். அண்டா மூடியை எல்லாம் ஒளிச்சு வை" என்று சிரித்தார் ஒட்டகம். எல்லாரும் சிரித்தோம். ஒட்டகம் கொஞ்ச நேரம் பார்த்தார். தலையை ஆட்டித் தாளம் போட்டுப் பார்த்தார். தலை நின்றது. "அவன் மூஞ்சியைக் காட்டு பாப்பா" என்றார். மகள் போனை உயர்த்தினாள். ஒட்டகம் முஷ்டியை மடக்கித் தலைக்கு மேல் தூக்கினார்.

இடி அதைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அவர் முகம் கோணியது. கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.

ஒட்டகம் முஷ்டியை இறக்கவில்லை. "போனை அந்த அக்காகிட்ட குடு" என்றார். குரலில் சிரிப்பு இல்லை. வாங்கினேன்.

"அக்கா, அது அவன் அடிக்கிறது இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் கையைத் தூக்கினா அவன் நின்னுடுவான். தூக்கத்துலகூட நிப்பான். அது மட்டும் இல்ல. அவன் போகப் போக வேகமாத்தான் ஓடுவான். வாழ்க்கையில ஒருநாள்கூட மெதுவானது கிடையாது. அந்தக் கையைப் பாருங்க. மெதுவாகிட்டே வருது."

பார்த்தேன். டக், டக். பிறகு ஒரு இடைவெளி. டக். பாட்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கை அதைக் கேட்கவே இல்லை. பாட்டை நிறுத்தினேன். கை நிற்கவில்லை.

"தம்பி, நீங்களா ஆட்டுறீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இல்லக்கா. அதுவா ஆடுது. செவ்வாய்க்கிழமையில இருந்தே." நாக்கு குழறியது. "கட்டைவிரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அப்புறம் அதுவா..."

"ஏன்டா சொல்லல!" என்று போனுக்குள்ளிருந்து ஒட்டகம் கத்தினார்.

"சொன்னா கட்டிப் போடுவாங்கடா" என்றார் இடி. அன்று அவர் தெளிவாகச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். விரலில் இருந்த துடிப்பு மணிக்கட்டுக்கு ஏறியது. முழங்கைக்கு ஏறியது. தோள் குலுங்கியது. வாயின் இடது ஓரம் இழுத்துக்கொண்டது. கண் மேலே போனது.

மேஜை மேல் போனைப் போட்டேன். நாற்காலிப் பட்டையை அவிழ்த்து, "தோளைப் பிடி, கீழ இறக்கணும்" என்றேன். மனைவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இறக்கிப் பக்கவாட்டில் சாய்த்தோம். அதற்குள் உடம்பு மொத்தமும் வெட்ட ஆரம்பித்துவிட்டது. பதினொன்று பத்தொன்பது. தலைக்கடியில் என் புடவைத் தலைப்பைச் சுருட்டி வைத்தேன். மகளை ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன். அவள் போனைத் தேடினாள். அதில்தான் ஒட்டகம் இருந்தார். மேஜையில் மல்லாந்து கிடந்த போனில் அவருக்குக் கூரை மட்டும்தான் தெரிந்திருக்கும். "என்னாச்சு? யாராவது சொல்லுங்க! என்னாச்சு?" என்று கத்திக்கொண்டே இருந்தார். அவள் அழுதுகொண்டே அவரைத் துண்டித்துவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தாள்.

மனைவி சமையலறைக்கு ஓடி ஒரு கரண்டியோடு வந்தாள். "பல்லு கிட்டிக்கும் அக்கா, நாக்கைக் கடிச்சுக்குவாரு!"

"வாயில எதையும் வைக்காத! பல்லு உடைஞ்சு தொண்டைக்குள்ள போகும். கடிகாரத்தைப் பாத்து நிமிஷத்தைச் சொல்லு."

அவளுக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் கரண்டியைத் திணித்திருப்பாள். "ஒண்ணு" என்றாள். நான் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். "ரெண்டு." வாயிலிருந்து நுரை வழிந்தது. ரத்தமும் இருந்தது, நாக்கைக் கடித்திருந்தார். "மூணு." உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. வலிப்பு பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் நிற்கும். ஐந்தைத் தாண்டினால் மூளைக்கு ஆபத்து. "நாலு அக்கா. நாலு ஆயிடுச்சு அக்கா." மல்லாந்துவிடாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் எனக்குத் தோன்றியதை அப்படியே சொல்கிறேன்: நாலு நாளாக இந்த ஆளின் மூளை அபாயச் சங்கு ஊதியிருக்கிறது, நான் உட்கார்ந்து தாளம் கேட்டிருக்கிறேன். "அஞ்சு" என்றாள் அவள்.

ஆறாவது நிமிடத்தின் பாதியில் நின்றது. நீளமாக ஒரு குறட்டை மாதிரி மூச்சு இழுத்தார். உதட்டில் சிவப்பு வந்தது. ஆம்புலன்ஸ் வர இன்னும் எட்டு நிமிடம் ஆனது. அந்த எட்டு நிமிடமும் அவர் மூச்சை எண்ணிக்கொண்டு தரையில் இருந்தோம்.

ஆஸ்பத்திரியில் அதே வார்டு. பக்கவாதம் மூளையில் விட்டுப்போன தழும்பிலிருந்து வலிப்பு கிளம்புகிறது என்றார் டாக்டர். கையில் வந்ததெல்லாம் சின்ன வலிப்புகள். முதல் நாளே அழைத்து வந்திருந்தால் மாத்திரையிலேயே அடங்கியிருக்கும் என்றார். நோட்டை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். சொல்லியிருக்கலாம்.

மாலையில் மயக்கம் தெளிய ஆரம்பித்தபோது இடி மறுபடி மூக்கில் போட்டிருந்த குழாயைத் தேடி வலது கையைத் தூக்கினார். நர்ஸ் துணிப்பட்டையோடு வந்தாள்.

"கட்ட வேணாம்மா" என்றேன்.

"பிடுங்கிடுவாரு பாட்டி. அப்புறம் என்னைத்தான் கேப்பாங்க."

"நான் பிடிச்சுக்கறேன். விடிய விடிய வேணும்னாலும் உக்காந்திருக்கேன். பிடுங்கினா என் பேரை எழுதிக்க."

அவளும் வேலை தெரிந்த பெண்தான். பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நானும் மனைவியும் மகளும் முறை வைத்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மத்தியானம் ஒட்டகம் வந்து சேர்ந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருக்கிறார். சட்டையை உட்புறம் வெளியே தெரியும்படி மாற்றிப் போட்டிருந்தார். அதைக்கூட யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். இத்தனை வருடத்தில் மூன்றாவது தடவைதான் நேரில் பார்க்கிறார்களாம்.

இடி கண்ணைத் திறந்தார். "ஏன்டா கண்டுபிடிச்ச?" என்றார். "எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க."

"நீ ஒழுங்கா அடிச்சிருந்தா நம்பியிருப்பேன்டா."

இடி சிரிக்கப் பார்த்தார். கடித்த நாக்கு வலித்ததால் முடியவில்லை. ஒட்டகம் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்வது மாதிரிக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் டீ வாங்கப் போகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

மனைவி வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காமலே, "நாலு நாள் சந்தோஷமா இருந்தேன் அக்கா" என்றாள். "அந்த நாலு நாளும் அவரு பக்கத்துலயே உக்காந்து பயந்து செத்திருக்காரு. நான் பாட்டுப் பாடிட்டு இருந்திருக்கேன்." நானும் கூடத்தானே இருந்தேன்.

ஐந்தாவது நாள் வீட்டுக்கு வந்தோம். வேளைக்கு இரண்டு மாத்திரை. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மூக்கில் அடிக்க ஒரு ஸ்ப்ரே. கட்டைவிரலில் எறும்பு ஊர ஆரம்பித்த உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று டாக்டர் மூன்று தடவை சொல்லி அனுப்பினார். சொன்னால் நாற்காலியிலிருந்து இறக்கிப் படுக்க வைக்கலாம், ஸ்ப்ரேயைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். சொல்லாமல் அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாலோ, எழுந்து நிற்கும்போது வந்தாலோ, நாங்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எறும்பு ஊர்வது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரோ நாலு நாள் மறைத்த ஆள்.

இப்போது அந்த வீட்டில் எல்லாருக்கும் இடது கையைக் கண்டு பயம். ஆறு மாதமாக அது அசைய வேண்டும் என்று காத்திருந்தவர்கள், அசைந்துவிடக் கூடாது என்று காவல் இருந்தோம். மனைவி அதைத் தொடவே இல்லை. நகம் வெட்டக்கூட என்னைக் கூப்பிட்டாள். காற்றில் சட்டைக் கை ஆடினால் மகள் அலறுவாள். பாட்டு நின்றுபோனது. பாட்டால் வரவில்லை என்று டாக்டரே சொல்லியும் ஹெட்போன் டப்பாவை விட்டு வெளியே வரவில்லை. ஒட்டகம் ஒரு வாரம் தங்கினார். இருவரும் பழைய கதை பேசினார்கள், ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார்கள். ஒருநாள் ஒட்டகம், "ஒரே ஒரு பாட்டு கேப்போமாடா?" என்றார். இடி அலமாரியைப் பார்த்தார். "வேணாம்டா" என்றார். முன்பு வாசலிலேயே நின்றுவிடுகிற பயம் இப்போது உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

கிளம்பும் அன்று ஒட்டகம் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம், "சொல்லுவானா அக்கா?" என்று கேட்டார்.

"தெரியல தம்பி" என்றேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ஒருமுறை பட்டது போதும்.

ஒன்பது நாள் ஒன்றும் இல்லை. பத்தாவது நாள் காலை பத்தரை மணி இருக்கும். மகள் வேலைக்குப் போயிருந்தாள். மனைவி உள்ளே தைத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு, கொடியில் போர்வையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார்.

"அக்கா! எறும்பு!"

அவ்வளவு பெரிய குரல் அவருக்கு உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. தெரு நாய் ஒன்று குரைத்தது. போர்வையை மண்ணில் போட்டுவிட்டு ஓடினேன். மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தாள். இருவருமாகப் படுக்கைக்கு மாற்றிப் பக்கவாட்டில் படுக்க வைத்தோம். கட்டைவிரல் துடித்தது. ஸ்ப்ரேயின் மூடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதை உடனே அவர் மூக்கருகே கொண்டுபோனாள்.

"நான் சொல்லும்போது அடி. அதுக்கு முன்னால வேணாம்."

துடிப்பு மணிக்கட்டுக்கு ஏறியது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வலது கையால் என் முழங்கையைப் பிடித்திருந்தார், நகம் பதிந்தது. மணிக்கட்டைத் தாண்டினால் முழங்கை. முழங்கையைத் தாண்டினால் அப்புறம் யார் கையிலும் இல்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார், முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. நாற்பத்தாறில் மணிக்கட்டு அடங்கியது. கட்டைவிரல் இன்னும் இரண்டு தடவை துடித்துவிட்டு ஓய்ந்தது.

மனைவி ஸ்ப்ரேயைக் கீழே வைக்காமல் நின்றாள். "முடிஞ்சுதா? இன்னொண்ணு வருமா?"

"வரலாம்" என்றேன்.

அவர் அவளைப் பார்த்தார். "பயமா இருக்கு" என்றார். "மெஷின் கிட்டப் போகாத. இங்கயே உக்காரு."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தாள். சமையலறையில் வெந்நீர் கொதித்து மூடி தடதடத்தது. நான் போய் அடுப்பை அணைத்தேன்.